மதிப்பெண் போடும் அதிகாரம்: அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகளும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களும்

1. கேள்வி

தமிழ்நாட்டின் சிறுநகரங்களில் 'இன்டர்நேஷனல்' என்று பெயர்ப்பலகை மாட்டிய பள்ளிகள் இன்று யாருக்கும் வியப்பளிப்பதில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் அவற்றில் மிகப் பல சி.பி.எஸ்.இ. பள்ளிகள். பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒரு பெற்றோர் இந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் எதிர்பார்ப்பது ஆங்கிலம், பள்ளி வேன், ஆறாம் வகுப்பிலிருந்தே நீட் கோச்சிங். இதே சொல்லைத் தாங்கி நைரோபியிலும் லாகோஸிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் நடக்கும் அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகள் வேறொரு வரலாற்றிலிருந்து வந்தவை. அந்த வரலாற்றின் ஒரு பகுதி தமிழ் மண்ணிலேயே, யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் கோடைக்கானலிலும் நடந்தது. அமெரிக்கப் பாடத்திட்டம் கடல் கடந்து போகும்போது உண்மையில் எது போகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். போவது ஓர் அதிகாரம். தன் மாணவனுக்குத் தானே மதிப்பெண் போட்டு, அந்த மதிப்பெண் ஊர் கடந்தும் செல்லுபடியாகும் என்று நம்பும் உரிமை ஆசிரியருக்குக் கிடைக்கிறது. இந்த உரிமை எல்லாப் பிள்ளைகளின் ஆசிரியருக்கும் கிடைத்ததில்லை. யாருடைய பிள்ளைகள் என்பதைப் பொறுத்தே அது கொடுக்கப்பட்டது, மறுக்கவும்பட்டது.

2. தேசியப் பாடநூல் இல்லாத பாடத்திட்டம்

'அமெரிக்கப் பாடத்திட்டம்' என்றதும் நம் மனம் என்.சி.இ.ஆர்.டி. போல ஒரு பாடநூல் வரிசையைத் தேடும். அப்படி ஒன்று கிடையாது. அமெரிக்க அரசமைப்பின்படி கல்வி மாநிலங்களின் பொறுப்பு. கூட்டாட்சிக் கல்வித்துறையை உருவாக்கிய 1979ஆம் ஆண்டுச் சட்டமே, பாடத்திட்டத்தில் அத்துறை தலையிடக்கூடாது என்று தடுக்கிறது. மாநிலங்களும் பெரும்பாலும் தரநிலைகளை வகுத்துவிட்டு நிற்கின்றன. எந்த நூலை எப்படி நடத்துவது என்பதைப் பள்ளி மாவட்டங்களும் பள்ளிகளும் தீர்மானிக்கின்றன.

நாடு முழுமைக்கும் பொதுவான பள்ளியிறுதித் தேர்வும் இல்லை. அதன் இடத்தில் இருப்பது 'டிரான்ஸ்கிரிப்ட்' எனப்படும் தாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு ஆண்டுகள் மாணவர் எடுத்த பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் இட்ட ஏ, பி, சி தரம், அதற்கான கிரெடிட், எல்லாம் சேர்ந்த சராசரி ஆகியவை அதில் இருக்கும். உடன் பள்ளியைப் பற்றிய சிறு விவரக்குறிப்பும் ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதமும் போகும். நம் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேர்வெண், பாடம், மதிப்பெண், அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் முத்திரை எல்லாம் இருக்கும். பாடம் நடத்திய ஆசிரியரின் கையெழுத்துக்கு அதில் இடம் கிடையாது. அந்தப் பிள்ளையைப் பார்த்தே இராத ஒருவர், வேறு ஊரில், டம்மி எண் ஒட்டிய விடைத்தாளைத் திருத்தியதன் பலன் அது.

ஆசிரியர் இட்ட தரத்தைக் கல்லூரி ஏன் நம்ப வேண்டும்? அதற்குத்தான் அங்கீகார அமைப்புகள். நியூ இங்கிலாந்து அமைப்பு 1885இலும் மிடில் ஸ்டேட்ஸ் அமைப்பு 1887இலும் தோன்றின. பள்ளி முதலில் தன்னைத்தானே ஆய்ந்து அறிக்கை எழுதும். பிறகு வேறு பள்ளிகளின் ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் அடங்கிய குழு நேரில் வந்து பார்க்கும். வெளியார் சோதிப்பது பள்ளியை. மாணவனைச் சோதிப்பது அவன் ஆசிரியர். நம்மிடம் இது தலைகீழ். எஸ்.ஏ.டி. (1926), ஏ.பி. (1955) போன்ற வெளித்தேர்வுகள் அங்கேயும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவை டிரான்ஸ்கிரிப்டின் பக்கத்தில் நிற்பவை. அதை அழித்துவிடுபவை அல்ல.

இந்த ஏற்பாடு ஆப்பிரிக்காவுக்குப் போன வழி தெளிவானது. கெய்ரோ அமெரிக்கன் காலேஜ் (பெயர் அப்படி இருந்தாலும் அது பள்ளிதான்) 1945இல் தொடங்கியது. லாகோஸ் அமெரிக்கப் பள்ளி 1964இல். அதே 1964இல் அமெரிக்க வெளியுறவுத்துறை வெளிநாட்டுப் பள்ளிகளுக்கென்று தனி அலுவலகம் அமைத்து உதவத் தொடங்கியது. கென்யாவின் இன்டர்நேஷனல் ஸ்கூல் 1976இல் அமெரிக்க, கனடிய அரசுகளின் கூட்டு முயற்சியாக உருவானது. தூதரக ஊழியரும் கம்பெனி அதிகாரியும் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு மாறுவார்கள். அவர்களுடைய பிள்ளை கிரெடிட்டைச் சுமந்துகொண்டு பள்ளி மாறலாம். கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாதது. பெரும்பாலும் வேலை கொடுத்தவரே கட்டுகிறார்.

3. இதுவரை சொல்லப்பட்டவை

இத்தகைய பள்ளிகளைப் பற்றி இருவகைப் பார்வைகள் செல்வாக்குப் பெற்றிருக்கின்றன. முதலாவது பிள்ளையின் மனத்தைப் பார்ப்பது. பெற்றோரின் பண்பாட்டுக்கும் வாழும் நாட்டின் பண்பாட்டுக்கும் இடையில் மூன்றாவது ஒன்றில் வளரும் பிள்ளைகளைப் பற்றி ஜான் யூசீம், ரூத் ஹில் யூசீம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் தம்பதி பேசினார்கள். இன்று உலகெங்கும் சர்வதேசப் பள்ளிகளில் புழங்கும் இந்தக் கருத்து, 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கர்களை அவர்கள் ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை.

இரண்டாவது பார்வை அரசியல் சார்ந்தது. டேன் கென்னடி 'தி மேஜிக் மவுன்டன்ஸ்' (1996) நூலில் மலைவாசத்தலங்களை ஆங்கிலேயர் தம் இனத்தையும் வாழ்முறையையும் காத்து வளர்த்த இடங்களாகக் காண்கிறார். எலிசபெத் பியூட்னரின் 'எம்பயர் ஃபேமிலீஸ்' (2004) பிள்ளைகளைத் தாய்நாட்டுக்கு அனுப்பிய பிரிட்டிஷ் குடும்பங்களின் கதையைச் சொல்கிறது.

இரண்டுமே பயனுள்ளவை. என்றாலும் இரண்டும் பள்ளியின் மையமான வேலையைத் தொடாமல் போகின்றன. பள்ளி மதிப்பிடுகிறது, தரம் போடுகிறது, அடுத்த இடத்துக்கு அனுப்புகிறது. அதைப் பார்த்தால்தான் தமிழ் மண்ணில் ஒரே அமெரிக்க மிஷன் இரண்டு வகைப் பிள்ளைகளுக்கு இரண்டு வகைப் பள்ளி நடத்தியது புலப்படும்.

4. வட்டுக்கோட்டையும் பசுமலையும்

அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்துக்கு 1816இல் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் டேனியல் பூர் தலைமையில் செமினரி தொடங்கினார்கள். கணிதம், வானியல், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் வடமொழியும் கற்பிக்கப்பட்டன. ஹென்றி ஹோய்சிங்டன் உள்ளூர்ச் சோதிட, பஞ்சாங்க அறிவை ஒதுக்கித் தள்ளாமல் அதைக் கற்று மொழிபெயர்க்கும் அளவுக்குப் போனார். அமெரிக்கக் கல்லூரி முறையைத் தமிழ்ப் பிள்ளைகளுக்காகவே கொண்டுவந்த முயற்சி இது. தமிழ் மண்ணில் இதற்கு முந்தைய அமெரிக்கப் பாடத்திட்டம் எதையும் நான் அறியேன்.

அதை 1855இல் மூடியதும் அமெரிக்கர்களே. மிஷனின் தலைமையகச் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்த்த பயணத்தின் விளைவு அது. ஆங்கிலம் படித்தவர்கள் ஊழியத்துக்கு வராமல் அரசு வேலைக்குப் போகிறார்கள் என்பது மிஷனின் முக்கியக் குறை. தாய்மொழியில் படித்து ஊரில் தங்கும் உபதேசியாரே போதும் என்பது ஆண்டர்சனின் கொள்கை. கொள்கையளவில் அது தாய்மொழிக் கல்விக்குச் சாதகமானது. நடைமுறையில் அதன் பொருள், தமிழ்ப் பிள்ளை எவ்வளவு தூரம் போகலாம் என்பதை மிஷன் தீர்மானிக்கும் என்பது. இரண்டே ஆண்டில், 1857இல், புதிதாகத் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. தேர்வில் முதலில் தேறிய இருவர் சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். செமினரியின் மதிப்பீடு சரியானதுதான் என்பதை நிரூபிக்க, வெளியே இன்னொருவர் வைத்த தேர்வு தேவைப்பட்டது.

மதுரைப் பக்கத்திலும் இதே கதை வேறு வடிவில் நடந்தது. 1834இல் தொடங்கிய மதுரை மிஷன் பசுமலையில் வளர்த்த நிறுவனம் 1881இல் கல்லூரியானது. இன்றைய அமெரிக்கன் கல்லூரி அதன் வழிவந்தது. பெயரில் அமெரிக்கா இருந்தாலும் பாடத்திட்டமும் வினாத்தாளும் சென்னைப் பல்கலைக்கழகத்துடையவை. ஆசிரியர் பாடம் நடத்துவார். மதிப்பெண் போடுபவர் வேறு. இந்த ஏற்பாட்டுக்கு மிஷனை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. பிரிட்டிஷ் இந்தியாவில் பட்டம் வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தோடு இணைந்தே ஆகவேண்டும். அந்தக் கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்தது 1978இல். தன் மாணவருக்குத் தானே வினாத்தாள் எழுத 97 ஆண்டுகள் ஆயின.

5. கோடைக்கானலும் கிஜாபேயும்

இனி அவர்களுடைய சொந்தப் பிள்ளைகள். மதுரைச் சமவெளியின் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து 1845இல் மிஷனரிகள் கோடைக்கானலில் வீடு கட்டினார்கள். ஆனால் பிள்ளைகள் வளர்ந்ததும் அமெரிக்காவுக்கு அனுப்பிவிட வேண்டியிருந்தது. பெற்றோர் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பார்க்காமல் இருந்த காலம் அது. இந்தப் பிரிவைத் தள்ளிப்போடத்தான் 1901இல் கோடைக்கானலில் ஹைக்ளர்க் பள்ளி தொடங்கியது. ஒய்.எம்.சி.ஏ. ஊழியரான ஷெர்வுட் எடியைப் பார்க்க வந்த அவர் தாயார் மார்கரெட் எடி அதன் முதல் பொறுப்பாளர். மதுரை மிஷனும், வட ஆர்க்காட்டில் ஸ்கடர் குடும்பத்தால் பெயர் பெற்ற ஆர்க்காடு மிஷனும், பிறகு மற்ற மிஷன்களும் பிள்ளைகளை அனுப்பின.

ஐந்தே ஆண்டு கழித்து, 1906இல், கென்யாவில் ஆப்பிரிக்கா இன்லேண்ட் மிஷன் ரிஃப்ட் வேலி அகாடமியைத் தொடங்கியது. கோடையைப் போலவே அதன் இடமான கிஜாபேயும் உயரமான, குளிர்ந்த மலைச்சரிவு. 1909இல் வேட்டைக்கு வந்த முன்னாள் அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் அங்கே அடிக்கல் நாட்டினார். ஆப்பிரிக்காவில் இன்றும் இயங்கும் பழைய அமெரிக்கப் பள்ளிகளில் ஒன்றான அதையும் கோடைக்கானல் பள்ளியையும் உடன்பிறந்தவை என்றே சொல்லலாம். இரண்டும் அந்தந்த நாட்டுத் தேர்வு முறைக்கு வெளியே, அமெரிக்கக் கல்லூரியை நோக்கிப் பாடம் நடத்தின.

ஒப்பீடு இங்கேதான் கூர்மையாகிறது. பசுமலையில் ஓர் அமெரிக்கர் தமிழ் மாணவனுக்குப் பாடம் நடத்தினால், அவன் தேறினானா என்பதைச் சென்னை சொல்லும். அதே மிஷனைச் சேர்ந்த இன்னொருவர் கோடையில் அமெரிக்க மாணவனுக்கு நடத்தினால், அவரே சொல்வார். கடலுக்கு அப்பாலுள்ள கல்லூரி அதை ஏற்கும். நம்பிக்கை பாடநூலில் இருந்திருந்தால் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்திருக்கும்.

விடுதலைக்குப் பிறகு மிஷனரி விசா குறைந்தது. அமெரிக்கப் பிள்ளைகளின் எண்ணிக்கையும் 1960, 70களில் சரிந்தது. கோடைக்கானல் பள்ளி இந்தியப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தது, பெயரை மாற்றியது, 1976இல் இந்தியாவிலேயே முதலாவதாக ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலோரியட்) டிப்ளமாவை ஏற்றது. 1968இல் ஜெனீவாவில் உருவான ஐ.பி.யில் ஆசிரியரின் உள்மதிப்பீடு உண்டு. ஆனால் முடிவில் உலகளாவிய வெளித்தேர்வும் உண்டு. இதைப் பாடத்திட்டத்தின் தரம் உயர்ந்த கதையாக மட்டும் படிக்கலாம். நான் கூடுதலாக ஒன்றைக் காண்கிறேன். மாணவர் கூட்டம் இந்தியராக மாறிய அதே பத்தாண்டுகளில், ஆசிரியர் இட்ட தரத்தோடு வெளித்தேர்வும் வந்து சேர்ந்தது. இது திட்டமிட்ட பாகுபாடு என்று சொல்ல ஆதாரம் இல்லை. பல நாட்டுக் கல்லூரிகளுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு பொதுவான சான்று வேண்டியிருந்தது என்பதே எளிய விளக்கம். ஆயினும் நம்பிக்கை யார் பெயரில் எளிதாகக் கிடைக்கிறது என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது.

6. பெரம்பலூரும் அரியலூரும்

இனி, வெளித்தேர்வு மட்டுமே வாய்த்த பிள்ளைகள். பெரம்பலூரும் அரியலூரும் பழைய திருச்சி மாவட்டத்தின் மானாவாரிப் பகுதிகள். பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமானது; அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டே சேர்ந்து, 2007இல் மீண்டும் பிரிந்தது. 2011 கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது பெரம்பலூரில் 74ஐயும் அரியலூரில் 71ஐயும் ஒட்டித்தான் இருந்தது. அதே மாவட்டங்கள் பொதுத்தேர்வில் என்ன செய்தன? 2022இல் பிளஸ் டூ தேர்ச்சியில் பெரம்பலூர் மாநிலத்தில் முதலிடம். 2023இல் பத்தாம் வகுப்பிலும் பெரம்பலூர். 2024இல் பத்தாம் வகுப்பில் அரியலூர் முதலிடம். 2025இல் பிளஸ் டூவிலும் அரியலூர், 98.82 விழுக்காடு. எழுத்தறிவுக் கணக்கு எல்லா வயதினரையும் சேர்த்தது, தேர்ச்சி ஒரே ஆண்டுப் பிள்ளைகளுடையது; ஆகவே இரண்டையும் நேரடியாக ஒப்பிடுவது தவறு. ஆனால் ஒரு தலைமுறைக்குள் இந்த மாவட்டங்கள் வெளித்தேர்வு என்ற முறையை முழுமையாகக் கற்றுக்கொண்டுவிட்டன என்று சொல்லத் தடையில்லை. மாலைநேரச் சிறப்பு வகுப்பு, ஸ்லோ லேர்னர் பட்டியல், புக்பேக் கேள்வி, முந்தைய ஆண்டு வினாத்தாள் என்று ஆசிரியர்கள் கொட்டிய உழைப்பு அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கிறது.

கற்றுக்கொண்ட முறையையே மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் இதே மண்ணில் சாட்சி இருக்கிறது. தமிழ்நாடு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழிற்கல்வி நுழைவுத்தேர்வை ஒழித்து, பிளஸ் டூ மதிப்பெண்ணையே போதும் என்றது. 2017இல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் கட்டாயமானது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா அந்த ஆண்டு 1200க்கு 1176 எடுத்திருந்தார். மருத்துவக் கட்ஆஃப் 196.75. பழைய முறையில் இடம் உறுதி. நீட்டை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போய், செப்டம்பர் 1 அன்று உயிரை விட்டார். அவருடைய பன்னிரண்டாண்டுப் படிப்பை மதிப்பிட்ட ஆசிரியர்களையும் மாநிலத் தேர்வையும் ஒரே நாளின் மூன்று மணி நேரத் தேர்வு இல்லாததாக்கிவிட்டது. இன்று அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் அரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதன் பிறகு 'இன்டர்நேஷனல்' பலகைகளின் பின்னால் உள்ள கணக்கு எளிதில் புரியும். சி.பி.எஸ்.இ. படித்தால் நீட்டுக்கு வசதி என்பதே பெற்றோரின் தர்க்கம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வந்திறங்கியது ஆங்கிலமும் டையும் ஓ.எம்.ஆர். தாளும்; அமெரிக்கப் பள்ளியின் உயிரான ஆசிரியர் மதிப்பீடு வரவில்லை. உண்மையான அமெரிக்கப் பள்ளியில் படித்த பிள்ளையே இந்தத் தேர்வின் முன் தடுமாறும். சிமென்ட் ஆலை, கட்டுமானம் என்று ஒப்பந்த வேலைக்கு ஆப்பிரிக்கா போகும் இந்தியக் குடும்பங்கள் பெரும்பாலும் அங்குள்ள சி.பி.எஸ்.இ. பள்ளியைத் தேடுவது இதனால்தான். அமெரிக்க முறையில் ஓர் ஆண்டு உயிரியல், அடுத்த ஆண்டு வேதியியல், பிறகு இயற்பியல் என்று வரிசையாகப் படிப்பது வழக்கம். இங்கே திரும்பினால் இந்தியப் பல்கலைக்கழகச் சங்கத்தின் சமநிலைச் சான்று வேண்டும். மருத்துவம் என்றால் மேல்நிலையில் மூன்று அறிவியலையும் காட்டவும் வேண்டும்.

7. எதிர்வாதமும் ஒரு சோதனையும்

ஆசிரியர் மதிப்பெண் என்றால் சாதியும் சிபாரிசும் உள்ளே வராதா? வரும். முகம் தெரியாத திருத்துநர் என்பது நம் சமூகத்தில் ஒரு பாதுகாப்பு. டம்மி எண் சாதியைக் கேட்பதில்லை. ஒடுக்கப்பட்ட பிள்ளைக்கு வெளித்தேர்வு கொடுத்த நியாயத்தை எந்த உள்மதிப்பீடும் இதுவரை கொடுத்துவிடவில்லை. இந்த வாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அமெரிக்காவிலும் தரங்கள் வீங்கிக்கொண்டே போகின்றன. கொரோனா காலத்தில் எஸ்.ஏ.டி.யைக் கைவிட்ட கல்லூரிகளில் எம்.ஐ.டி. 2022இலேயே அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

தமிழ்நாடும் ஆசிரியர் மதிப்பீட்டை முயன்று பார்த்திருக்கிறது. சமச்சீர்க் கல்வியைத் தொடர்ந்து 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. 40 மதிப்பெண் வளரறி மதிப்பீடு, 60 தொகுத்தறி. நடந்தது என்ன? பல ஊர்களில் ஸ்டேஷனரிக் கடைகளில் சார்ட் பேப்பரும் தெர்மாகோலும் விற்றன. செயல்திட்டத்தை அம்மாக்கள் செய்தார்கள், ஆசிரியர்கள் பதிவேட்டை நிரப்பினார்கள். ஒன்பதாம் வகுப்பு வரை ஏறிய முறை பத்தாம் வகுப்பின் வாயிலில் நின்றுவிட்டது. முறை தோற்றது என்பார்கள். ஆனால் அந்த 40 மதிப்பெண்ணை அடுத்த கட்டத்தில் எவரும் கேட்கப்போவதில்லை என்பது ஆசிரியருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். யாரும் கேட்காத மதிப்பெண்ணை எவர் பொறுப்போடு போடுவார்?

கேட்கத்தக்க மதிப்பெண் எப்படி இருக்கலாம் என்று காட்டப் பெரம்பலூரை விட நல்ல இடம் கிடையாது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. காரையின் செம்மண் பள்ளங்களில் ஜிப்சப் பாளங்களுக்கு நடுவே கடல் உயிர்களின் புதைபடிவங்கள் காலில் இடறும். 1860களில் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பகுத்தார். உலகின் நிலவியலாளர்கள் அப்பெயர்களை இன்றும் எழுதுகிறார்கள். குன்னம் பக்கத்து அரசுப் பள்ளி மாணவி ஓர் ஓடையின் அடுக்குகளை அளந்து, வரைந்து, எழுதிக் கொடுக்க, அதை அவள் ஆசிரியர் மதிப்பிட, பக்கத்து மாவட்ட ஆசிரியர் குழு வந்து சரிபார்க்க, அது மேற்படிப்புச் சேர்க்கையில் எண்ணப்பட வேண்டும். சரிபார்ப்பு இருந்தால் சிபாரிசுக்கு இடம் குறையும். கோடையிலும் கிஜாபேயிலும் நடப்பதன் சாரம் இதுதான். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை.

இப்போதைய நிலைமையில், தமிழ்நாட்டுப் பிளஸ் டூ ஆசிரியர் வெளியார் துணையின்றித் தானே போடக்கூடியது பாடத்துக்கு 100இல் 10 அக மதிப்பெண். அதிலும் ஒரு பகுதி வருகைப் பதிவுக்கு.